புதிய முகவரி யார் கையில்?

லயத்தில் இருந்தவரை தோட்டத்தின் பெயரும் டிவிசன் பெயருமே எல்லோருக்கும் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எப்போதாவது கைக்குக் கிடைத்தன. இப்போது குடிபோகும் வீட்டுக்கு உங்களுக்கென்று ஓர் இலக்கம் உண்டு. பெரிய விடயம்தான். ஆனால் அடித்துத் துன்புறுத்தும் கணவரிடமிருந்தோ மிரட்டும் ஒருவரிடமிருந்தோ விலகி வந்திருந்தால், அந்த இலக்கம் எந்தெந்தப் பட்டியலில் ஏறுகிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

வாக்காளர் இடாப்பு திருத்தப்படும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பிரித்தானியாவில் ஆபத்திலுள்ளவர் பெயரும் முகவரியும் தெரியாதவாறு பதியலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1991இலேயே மாற்று முகவரி வழங்கத் தொடங்கியது. இங்கு அந்த வசதி இல்லை. அதற்காகப் பதியாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வதிவிடத்துக்கு அத்தாட்சியாக அந்த இடாப்பைத்தான் கேட்பார்கள். மாறாக, கிராம உத்தியோகத்தரைத் தனியாகச் சந்தித்து நிலைமையைச் சொல்லி வையுங்கள். தோட்டப்புறத்தில் முகவரி காகிதத்தைவிட வாய்வழியாகவே அதிகம் வெளியே போகிறது.

அலுவலகங்களில் கொடுக்கும் படிவங்களின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அரச ஆவணங்களைக் கேட்கலாம். ஆனால் பொது நலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விபரங்களைக் கொடுக்க மறுப்பதற்கு 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதைவிட உங்களுக்கு உதவக்கூடியது 29ஆம் பிரிவு. நீங்கள் கொடுத்த விபரம் கொடுக்கும்போதே இரகசியமாகக் கருதப்பட்டிருந்தால், யாராவது அதைக் கேட்கும்போது தகவல் அலுவலர் ஒரு வாரத்துக்குள் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்ல 7 நாட்கள் உண்டு. 'கொடுக்கும்போதே' என்பதுதான் இதில் முக்கியம். ஆகவே படிவத்தின் மேலேயே "எனது முகவரியை இரகசியமாக வைத்திருக்கவும்" என எழுதி, திகதியிட்டு ஒப்பமிடுங்கள். ஒரு போட்டோ பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுத்திட்டப் படிவத்திலும் அப்படியே எழுதலாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நீங்கள் தங்கியிருக்கும் பாதுகாப்பு இல்லத்தின் இடத்தை இரகசியமாக வைத்திருக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் விண்ணப்பத்தில் எழுதும் முகவரி எதிர்த்தரப்பின் கண்ணில் படக்கூடும். எந்த முகவரியை எழுதுவது என்று தாக்கல் செய்வதற்கு முன்பே சட்டத்தரணியிடம் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.