டார்க் ஷேடோஸ் தொடரின் கதை ஓட்டைகளும் ரசிகர் விவாதங்களும்

டார்க் ஷேடோஸ் என்பது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 சூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை ஒளிபரப்பான பகல்நேர நெடுந்தொடர் ஆகும். டான் கர்ட்டிஸ் இதை உருவாக்கினார். பாழடைந்த மாளிகை, குடும்ப மர்மம், ஆவி, சாபம் ஆகியவற்றைக் கொண்டு கதை சொல்லும் கோதிக் மரபைத் தினசரித் தொடருக்குள் கொண்டுவந்தது இதன் சிறப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு அரை மணி நேரமாக மொத்தம் 1,225 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. தொடர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்தபின்னும் ரசிகர்கள் இதன் கதைமாந்தர்களைப் பற்றியும், கதையில் உள்ள முரண்களைப் பற்றியும் விவாதித்து வருகின்றனர். அவற்றுள் முக்கியமான முரண்களையும், அவை தோன்றிய காரணங்களையும், ரசிகர்கள் தரும் விளக்கங்களையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

கதைச் சுருக்கம்

மேய்ன் மாநிலக் கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட காலின்ஸ்போர்ட் என்ற ஊரில், காலின்வுட் என்னும் மாளிகையில் கதை நடக்கிறது. நியூயார்க்கில் அநாதை இல்லம் ஒன்றில் வளர்ந்த விக்டோரியா விண்டர்ஸ், டேவிட் காலின்ஸ் என்ற சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தர இம்மாளிகைக்கு வருகிறாள். மாளிகையின் தலைவி எலிசபெத் காலின்ஸ் ஸ்டாடர்ட் 18 ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே போகாதவள். இப்பாத்திரத்தில் ஹாலிவுட் நடிகை ஜோன் பென்னட் நடித்தார்.

முதல் சில மாதங்கள் தொடர் போதிய பார்வையாளர்களைப் பெறவில்லை. ஆவிகளும் அமானுட நிகழ்ச்சிகளும் மெல்ல மெல்லச் சேர்க்கப்பட்டன. 1967 ஏப்ரலில் பார்னபாஸ் காலின்ஸ் என்ற இரத்தக் காட்டேரி அறிமுகமானது. புதையல் தேடிப் போன வில்லி லூமிஸ், குடும்பக் கல்லறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட சவப்பெட்டியைத் திறக்க, பார்னபாஸ் வெளிவருகிறான். குடும்பத்தாரிடம் தன்னை இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன் என்று சொல்லிக்கொள்கிறான். ஜொனாதன் ஃப்ரிட் நடித்த இப்பாத்திரம் சிறிது காலமே நீடிப்பதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. பார்வையாளர்களின் ஆதரவால் அதுவே தொடரின் மையமாகிவிட்டது. பின்னர் மருத்துவர் ஜூலியா ஹாஃப்மன், சூனியக்காரி ஏஞ்சலிக், குவென்டின் காலின்ஸ் ஆகியோர் சேர்ந்தனர். கதை 1795, 1897, 1840 ஆகிய காலங்களுக்கும், இணை உலகம் ஒன்றுக்கும் பயணம் செய்தது.

கதை ஓட்டை என்றால் என்ன?

ரசிகர் விவாதங்களைப் புரிந்துகொள்ள மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, கதை ஓட்டை. கதை தானே முன்பு சொன்ன செய்தியோடு பின்னர் முரண்படுவது இது. இரண்டாவது, விடுபட்ட இழை. ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு விடை சொல்லாமல் விடுவது. மூன்றாவது, படப்பிடிப்புப் பிழை. ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழுவது, நடிகர் வசனத்தை மறந்து தடுமாறுவது, அரங்கச் சுவர் ஆடுவது போன்றவை இதில் அடங்கும். இத்தொடரில் மூன்றும் ஏராளம். மூன்றாம் வகையை ரசிகர்கள் சிரித்துக் கடந்துவிடுகின்றனர். நீண்ட விவாதங்கள் முதல் இரண்டு வகைகளைப் பற்றியே எழுகின்றன.

முக்கிய முரண்கள்

பார்னபாஸ் வாழ்ந்த காலம்: தொடரின் தொடக்க அத்தியாயங்களில், காலின்வுட் மாளிகையை ஜெரமையா காலின்ஸ் 1830-களில் கட்டியதாகவும், ஜோசெட் அவருடைய மனைவி என்றும், அவள் விதவையர் குன்றிலிருந்து கடலில் பாய்ந்து இறந்ததாகவும் கூறப்படுகிறது. 1967 நவம்பரில், ஆவியை அழைக்கும் அமர்வு ஒன்றின் வழியாக விக்டோரியா 1795-ஆம் ஆண்டுக்குச் செல்கிறாள். அங்கே ஜெரமையா, பார்னபாஸின் தந்தை ஜோஷுவாவின் தம்பி. ஏஞ்சலிக்கின் சூனியத்தால் ஜோசெட் ஜெரமையாவை மணக்கிறாள். பார்னபாஸோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஜெரமையா இறக்கிறார். ஆக, 1830-களில் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்டவர் 1795-லேயே இறந்துவிடுகிறார். இத்தொடரின் மிகப் பெரிய காலக் குழப்பம் இதுவே.

லாராவின் நூறாண்டுச் சுழற்சி: 1966-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டேவிடின் தாய் லாரா வருகிறாள். அவள் ஃபீனிக்ஸ் பறவையைப் போல நூறாண்டுக்கு ஒருமுறை தீயில் எரிந்து மீண்டும் பிறப்பவள் என்று தெரியவருகிறது. 1767, 1867 ஆகிய ஆண்டுகளில் லாரா என்ற பெயருடைய பெண்கள் தீயில் இறந்த செய்தி இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கணக்குப்படி அடுத்தது 1967. ஆனால் 1969-இல் ஒளிபரப்பான 1897 கதையில் அதே நடிகை டயானா மில்லே, எட்வர்ட் காலின்ஸின் மனைவி லாராவாக மீண்டும் வருகிறார். அவளும் ஃபீனிக்ஸ்தான். நூறாண்டுக் கணக்கில் 1897-க்கு இடமே இல்லை. மேலும், காலின்ஸ் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு முன்பே இப்படி ஒருத்தி மருமகளாக இருந்திருந்தால் 1966-இல் யாருக்கும் அது நினைவில்லாமல் போனது எப்படி என்ற கேள்வியும் எழுகிறது.

குவென்டினின் ஆவி: 1968 டிசம்பர் முதல் குவென்டினின் ஆவி மாளிகையைப் பிடித்துக்கொண்டு சிறுவன் டேவிடை வதைக்கிறது. அவனைக் காப்பாற்ற பார்னபாஸ் 1897-க்குச் சென்று நிகழ்வுகளை மாற்றுகிறான். குவென்டின் சாகாமல், தன் உருவ ஓவியத்தின் மாயத்தால் முதுமையின்றி வாழ்கிறான். சாகாதவனுக்கு ஆவி ஏது? ஆவி இல்லையென்றால் பார்னபாஸ் 1897-க்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் 1969-இல் வாழும் கதைமாந்தர்கள் அந்த ஆவியின் தொல்லையை மறக்கவில்லை. காலப்பயணக் கதைகள் அனைத்திலும் தலைகாட்டும் சிக்கல் இது.

சவப்பெட்டிக்குள் யார்? 1897-இல் பார்னபாஸ் தன் சவப்பெட்டியிலிருந்து விடுவிக்கப்பட்டு உலவுகிறான். அப்படியானால் 1967-இல் வில்லி திறந்த பெட்டிக்குள் இருந்தவன் யார் என்று ரசிகர்கள் கேட்கின்றனர்.

சூனிய வழக்கு: 1795 கதையில் விக்டோரியா சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டுத் தூக்குத்தண்டனை பெறுகிறாள். எதிர்காலத்திலிருந்து அவள் கொண்டுவந்த காலின்ஸ் குடும்ப வரலாற்று நூலே அவளுக்கு எதிரான சான்றாகிறது. ஆனால் சேலம் நகரின் புகழ்பெற்ற சூனிய வழக்குகள் 1692–93-இல் நடந்தவை. நூறாண்டு கழித்து அதே போன்ற வழக்கு நடப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. இது கதையின் உள்முரண் அன்று. வரலாற்றோடு ஏற்படும் முரண்.

விடுபட்ட இழைகள்

இவற்றுள் ரசிகர்களை அதிகம் வருத்துவது விக்டோரியாவின் பிறப்பு. முதல் அத்தியாயத்திலேயே தான் யார் என்று அறியத்தான் அவள் காலின்ஸ்போர்ட்டுக்கு வருகிறாள். அவள் எலிசபெத்தின் மகள் என்று ரசிகர்களில் பெரும்பாலோர் முடிவு செய்துள்ளனர். விக்டோரியாவாக நடித்த அலெக்சாண்ட்ரா மோல்ட்கே தோற்றத்தில் ஜோன் பென்னட்டை ஒத்திருந்தது இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் மோல்ட்கே தாய்மை அடைந்ததால் 1968-இல் தொடரிலிருந்து விலகினார். பெட்சி டர்கின், பின்னர் கரோலின் குரோவ்ஸ் ஆகியோர் சிறிது காலம் அப்பாத்திரத்தை ஏற்றனர். விக்டோரியா தன் காதலன் பீட்டர் பிராட்ஃபோர்டோடு வாழக் கடந்த காலத்துக்கே சென்றுவிட்டதாகக் கதை முடிக்கப்பட்டது. தொடரைத் தொடங்கிவைத்த கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

ஆடம் என்ற செயற்கை மனிதனின் கதையும் இத்தகையது. ஆடம் உயிரோடு இருக்கும்வரை பார்னபாஸின் காட்டேரிச் சாபம் அடங்கியிருக்கும் என்று சொல்லப்பட்டது. இத்தனை முக்கியமான பாத்திரம் 1968-இன் இறுதியில் கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதன்பின் அவனுக்கு என்ன ஆயிற்று என்பது சொல்லப்படவில்லை.

தொடரின் முடிவும் அப்படியே. பார்னபாஸும் ஜூலியாவும் 1971 சனவரியில் தம் காலத்துக்குத் திரும்புகின்றனர். எஞ்சிய சுமார் இரண்டு மாதங்கள் 1841-ஆம் ஆண்டின் இணை உலகில் வேறு மாந்தர்களின் கதை ஓடி முடிகிறது. பார்னபாஸை உள்ளூர நேசித்த ஜூலியாவின் நிலை என்ன ஆயிற்று என்ற ஏக்கம் ரசிகர்களிடம் தங்கிவிட்டது. தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவரும், ஜூலியாவாக நடித்த கிரேசன் ஹாலின் கணவருமான சாம் ஹால், தொடர் முடிந்தபின் டிவி கைடு இதழில் எழுதிய கட்டுரையில் பாத்திரங்களின் எதிர்காலத்தைத் தன் கற்பனைப்படி சொன்னார். சிலர் அதையே முடிவாக ஏற்கின்றனர். திரையில் வராத எதையும் ஏற்க முடியாது என்பது மற்றவர்களின் வாதம்.

முரண்கள் தோன்றிய காரணங்கள்

1. வேகம்: வாரத்துக்கு 5 அத்தியாயங்கள் எழுதி, ஒத்திகை பார்த்து, ஒளிப்பதிவு செய்ய வேண்டியிருந்தது. அக்காலத்து ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு மிக்க வேலை. எனவே நேரடி ஒளிபரப்பைப் போலவே நிறுத்தாமல் பதிவு செய்தனர். தவறு நேர்ந்தாலும் பெரும்பாலும் அப்படியே ஒளிபரப்பாயிற்று.

2. பல எழுத்தாளர்கள்: ஆர்ட் வாலஸ் தொடங்கிய கதையை ரான் ஸ்ப்ரோட், மால்கம் மார்மர்ஸ்டீன், கார்டன் ரஸ்ஸல், சாம் ஹால் எனப் பலர் வெவ்வேறு காலங்களில் எழுதினர். வாலஸின் திட்டத்தில் இரத்தக் காட்டேரியே கிடையாது. ஆகவே ஜோசெட்டின் பழைய கதைக்குள் பார்னபாஸைப் பின்னர் நுழைக்க வேண்டியிருந்தது.

3. நிலையான நடிகர் குழு: கதை வேறு காலத்துக்குச் சென்றபோதெல்லாம் அதே நடிகர்கள் முன்னோர் வேடங்களை ஏற்றனர். தேயர் டேவிட் மட்டும் மேத்யூ மார்கன், பென் ஸ்டோக்ஸ், பேராசிரியர் ஸ்டோக்ஸ், கவுண்ட் பெட்டோஃபி எனப் பல பாத்திரங்களில் நடித்தார். டென்னிஸ் பேட்ரிக் 1967-இல் எலிசபெத்தை மிரட்டிப் பணம் பறிக்கும் ஜேசன் மக்வயராக வந்தார். 1969-இல் எலிசபெத்தின் கணவர் பால் ஸ்டாடர்டாகவும் அவரே வந்தார்.

4. பார்க்கும் முறை: அக்காலத்தில் வீட்டில் ஒளிநாடாப் பதிவுக் கருவி இல்லை. ஒரு நாள் தவறவிட்டால் அந்த அத்தியாயம் போனது போனதுதான். 1966-இல் சொன்ன ஆண்டை 1969-இல் யாரும் சரிபார்க்க முடியாது என்பதால் எழுத்தாளர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை.

நான்காவது காரணம் தனியே கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் மறு ஒளிபரப்புகளும், 1989 முதல் வெளிவந்த ஒளிநாடாக்களும், 2012-இல் சவப்பெட்டி வடிவப் பேழையில் வெளியான 131 குறுவட்டுகளும் தொடர் முழுவதையும் வரிசையாகப் பார்க்க வழிசெய்தன. மூல ஒளிப்பதிவு கிடைக்காமல் ஒலி மட்டும் எஞ்சியிருந்த 1219-ஆம் எண் அத்தியாயம்கூடப் படங்களோடு சேர்த்து மீட்டமைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் மெல்லக் கசிந்த கதையைச் சில மாதங்களில் பார்ப்பவருக்கு, முதலில் பார்த்தவர் கண்ணில் படாத முரண்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ரசிகர்களின் விளக்கங்கள்

ரசிகர்கள் முரண்களை மூன்று வழிகளில் கையாளுகின்றனர். கதைக்குள்ளேயே காரணம் தேடுவது முதல் வழி. விக்டோரியா 1795-க்குச் சென்றதே வரலாற்றை மாற்றியது. ஆகவே அதற்கு முன் சொல்லப்பட்ட 1830-களின் கதை வேறொரு காலக்கோட்டுக்கு உரியது என்பர். பழைய செய்தியைக் குடும்பத்தில் வழங்கிய செவிவழிக் கதையாகக் கொள்வது இரண்டாவது வழி. இதற்குத் தொடரிலேயே நல்ல சான்று உண்டு. பார்னபாஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று குடும்ப வரலாறு கூறுகிறது. மகன் காட்டேரியானதை மறைக்கத் தந்தை ஜோஷுவா பரப்பிய பொய் அது என்று 1795 கதை காட்டுகிறது. இங்கே எழுத்தாளர்களே முரணைக் கதையாக்கி ஓட்டையை அடைத்துவிட்டனர். மூன்றாவது வழி, தயாரிப்புச் சூழலைக் காரணம் காட்டி முரணை அப்படியே ஏற்பது. லாராவின் 1897 வருகைக்கு இந்த மூன்றாவது விளக்கமே பொருத்தமாக உள்ளது. மற்றவை வலிந்து கூறுவனவாகவே அமைகின்றன.

இவ்விவாதங்கள் 1970-களில் ரசிகர்கள் நடத்திய சிற்றிதழ்களில் வளர்ந்தன. 1983 முதல் நடந்த டார்க் ஷேடோஸ் விழாக்களில் ரசிகர்கள் நடிகர்களை நேரில் சந்தித்தனர். ஏஞ்சலிக்காக நடித்த லாரா பார்க்கர் 1998-இல் அப்பாத்திரத்தின் முன்கதையை நாவலாக எழுதினார். 2006 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் மூல நடிகர்கள் பலரைக் கொண்டு ஒலி நாடகங்களை வெளியிட்டது. தொடர் விட்டுச்சென்ற இடைவெளிகளே இப்புதிய கதைகளுக்கு இடம் தந்தன.

மதிப்பீடு

கதை ஓட்டைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஓர் ஆண்டு மாறிப்போவது கதைமாந்தரின் உணர்வைப் பாதிப்பதில்லை. 1830 ஆனாலும் 1795 ஆனாலும் ஜோசெட்டை இழந்த பார்னபாஸின் துயரம் ஒன்றே. ஆனால் விக்டோரியாவின் பிறப்பைச் சொல்லாமல் விட்டது அப்படிப்பட்டதன்று. அவள் எதைத் தேடி வந்தாளோ அது அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளோடு தேடிய பார்வையாளருக்கும் கிடைக்கவில்லை. காலக் கணக்கின் பிழைகளை மன்னிக்கும் ரசிகர்கள் இந்த ஒன்றை மட்டும் மன்னிக்கத் தயங்குவதன் காரணம் இதுவே. தினசரித் தொடர்களை ஆராயும் மாணவர்கள், எந்த முரண் கதையின் புறத்தைத் தொடுகிறது, எது ஒரு கதைமாந்தரின் நோக்கத்தையே முறிக்கிறது என்று பிரித்துப் பார்க்க டார்க் ஷேடோஸ் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.