கிணற்றுப் பங்கும் தொடர்மாடிப் பங்கும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எடுத்து நோக்குவோர், பரப்பும் எல்லைகளும் குறிக்கப்பட்டபின், அயற்காணிக் கிணற்றில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தெழுதப்பட்டிருத்தலைப் பல இடங்களிற் காண்பர். வீடு ஒருவருடையது, கிணறு பலருடையது. வீட்டை விற்பவரோ சீதனமாகக் கொடுப்பவரோ கிணற்றுப் பங்கையும் சேர்த்தே கொடுக்கின்றார். மேனாடுகளிற் பழம்பெரும் ஹோட்டல்கள் செல்வரின் சொந்த மாடிமனைகளாக மாற்றப்படுவதன் தன்மையை விளங்கிக்கொள்ள நமக்கு இதுவே வாய்ப்பான தொடக்கமாகும்.

தொடர்மாடி உரிமையிலே தனிமனைக்கு முழு உரிமையும், நிலம், கூரை, படிக்கட்டு முதலியவற்றிற் பிரிக்கப்படாத பங்கும் ஒருவருக்குக் கிடைக்கின்றன. இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வடிவந் தந்தது. (ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்சவரம்பு விதித்த சட்டமும் அதே ஆண்டில் வந்தமை சுவையான செய்தி.)

நியூயோர்க்கின் பிளாசா ஹோட்டல் 1907இல் திறக்கப்பட்டது. 2004இல் 67.5 கோடி டொலருக்குக் கைமாறி, 2005இல் மூடப்பட்டு, ஒரு பகுதி ஹோட்டலாகவும் மறுபகுதி சொந்த மாடிமனைகளாகவும் 2008இல் மீண்டும் திறக்கப்பட்டது. விற்பனையானவை சுவரும் தளமும் மட்டுமல்ல. அறை துப்புரவாக்கியோரும் சமையலாளரும் வாயிற்காவலரும் நூறாண்டு உழைத்து ஈட்டிய பெயரும் விலையிற் சேர்ந்தது. அப்பெயரை ஆக்கியோருக்கு அதிற் பங்கெழுதிய உறுதி எதுவுமில்லை. எனினும் அவர்கள் வாளாவிருந்தாரல்லர். பெரும்பாலான அறைகளை மனைகளாக்க வகுத்த முதல் திட்டத்தை ஹோட்டல் தொழிலாளர் சங்கம் எதிர்த்துப் போராடியது. கூடுதலான அறைகள் ஹோட்டலுக்கே எஞ்சியமை அப்போராட்டத்தின் பயன்.

பம்பாயின் வாட்சன் ஹோட்டலோ வேறு வழியிற் சென்றது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புச் சட்டங்களைக் கப்பலிற் கொணர்ந்து எழுப்பிய கட்டடம் அது. லூமியர் சகோதரரின் சலனப்படம் 1896 யூலை 7ஆம் திகதி இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்கேதான். ஹோட்டல் மறைந்தபின் அறைகள் தடுக்கப்பட்டு வாடகைக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் ஆயின. குடியிருந்தோருக்கு உடைமையில்லை, உடைமையாளருக்குப் பராமரிப்பில் ஆதாயமில்லை. 2005இல் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது.

இவற்றை ஒப்பிட்டு, தொடர்மாடி உரிமையே பழங்கட்டடங்களைக் காக்கும் என வாதிப்போருளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. பொதுப் பகுதிகளுக்குப் பணஞ்செலுத்தக் கடமைப்பட்டோர் கூரை ஒழுக விடார். ஆயின் அப்பொதுமை எவருக்குரியது என்பதை நோக்குதல் வேண்டும். தேசவழமையின்படி, காணிப் பங்கை விற்க முனைபவர் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். பிறர் உட்புகுவது எளிதாக இருக்கவில்லை. சாதியமோ ஒடுக்கப்பட்ட மக்களைக் கிணற்றுக்கட்டிலும் ஏறவிடவில்லை. பலரது கிணறு எல்லாரதும் கிணறாக இருந்ததில்லை. மாடிமனையிலே பிறப்பின் இடத்தை விலை பிடித்துக்கொண்டது. விலக்கு மட்டும் மாறவில்லை.

நமது குடாநாட்டில் இதற்கு அணித்தாக உள்ளது ஹமன்ஹீல் கோட்டை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல்நடுவே நிற்கும் அக்கோட்டையில் 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். போருக்குப் பின்னர் கடற்படையினர் அதனை உல்லாச விடுதியாக்கினர். அங்கே பங்கு விற்கப்படுவதில்லை. சிறையாயிருந்த வரலாறு இரவுக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றது.