முதல் வீடு: அரசின் உத்தரவாதம் யாரைக் காக்கிறது?

கிரான்பர்ன் பகுதியில் முதல் வீட்டை வாங்க முனையும் குடும்பங்களுக்குப் பெரும் தடையாக இருப்பது முற்பணமே. வீட்டு விலையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவான முற்பணம் வைத்திருப்போரிடம் வங்கிகள் வழமையாகக் கடன் காப்புறுதிக் கட்டணம் அறவிடுகின்றன. கட்டணத்தைச் செலுத்துபவர் கடன் பெறுபவர். காப்புறுதி பாதுகாப்பதோ வங்கியை.

மத்திய அரசின் உத்தரவாதம்

2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தின்கீழ், 5 விழுக்காடு முற்பணத்துடன் இக்கட்டணமின்றிக் கடன் பெறலாம். வீட்டு விலையில் 15 விழுக்காடு வரையான தொகைக்கு அரசு வங்கியிடம் பொறுப்பேற்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டது. மெல்பர்னுக்கான விலை வரம்பு 950,000 டாலர் ஆயிற்று. குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை உடையோர், திட்டத்தில் பங்கேற்கும் வங்கிகள் ஊடாக விண்ணப்பிக்கலாம். தாயகத்தில் வீடு வைத்திருப்பது மட்டும் இதற்குத் தடையாகாது.

ஆயினும், இந்த உத்தரவாதம் நன்கொடை அன்று. 600,000 டாலர் வீட்டுக்கு 20 விழுக்காடு செலுத்தினால் கடன் 480,000 டாலர். 5 விழுக்காடு மட்டும் செலுத்தினால் 570,000 டாலர். மேலதிகமான 90,000 டாலருக்கு, வட்டி 6 விழுக்காடு எனக் கொண்டால், முதலாண்டில் மட்டும் ஏறத்தாழ 5,400 டாலர் வட்டி சேரும். முழுக் கடனையும் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு குடும்பத்தையே சாரும்.

விக்டோரிய மாநிலத்தின் சலுகைகள்

முதல் வீடு வாங்குவோர் 600,000 டாலர் வரையான வீட்டுக்கு முத்திரை வரி செலுத்த வேண்டியதில்லை. அவ்விலையில் இச்சலுகையின் பெறுமதி 31,070 டாலர். 750,000 டாலர் வரை பகுதிச் சலுகை உண்டு. அதே விலை வரம்புக்குள் அமையும் புதிய வீடுகளுக்கு மட்டும் 10,000 டாலர் மானியம் வழங்கப்படுகிறது. இச்சலுகைகளைப் பெறுவோர் 12 மாதங்களுக்குள் அவ்வீட்டில் குடியேறி, தொடர்ந்து 12 மாதங்கள் வசிக்க வேண்டும். தவறினால் சலுகைத் தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம்.

ஒப்பமிடுவதற்கு முன்

2022 மே மாதத் தொடக்கத்தில் 0.10 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் வட்டி வீதம், 2023 நவம்பரில் 4.35 விழுக்காட்டை எட்டியது. ஆகவே, இன்றைய வட்டியைவிட 3 விழுக்காடு அதிகமானாலும் தவணையைச் செலுத்த இயலுமா என்று கணக்கிடுவது நலம். மாநகரசபை வரி, வீட்டுக் காப்புறுதி, பராமரிப்பு ஆகிய செலவுகளையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

தவணை செலுத்த இயலாதபோது

வேலையிழப்பு, நோய் போன்ற காரணங்களால் இடர் நேரின், தவணை தவறும் முன்னரே வங்கிக்கு அறிவித்துச் சலுகை கோருவது சட்டப்படியான உரிமை. வங்கி வழமையாக 21 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் திருப்தியளிக்காவிடில், ஆஸ்திரேலிய நிதி முறைப்பாட்டு ஆணையத்திடம் 1800 931 678 என்ற எண்ணில் கட்டணமின்றி முறையிடலாம். தேசியக் கடன் உதவி எண்ணான 1800 007 007 வழியாக இலவச நிதி ஆலோசனை பெறலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரைக் கோரலாம்.

மௌனம் காப்பதால் கடன் குறைவதில்லை. காலந்தாழ்த்தாது பேசுவோருக்கே வீட்டைத் தக்கவைக்கும் வழிகள் கூடுதலாக உள்ளன.