குடை ஒன்று, கூரை பல!

"நாடு ஒன்றென்றால் திட்டமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இடத்துக்கு ஒரு முறை என்றால் நாடே சிதறிவிடும்" என்று அச்சமூட்டுவோர் உண்டு. அவர்கள் கனடா நாட்டைக் காணட்டும்!

ஆட்சியுரிமை ஒன்று, மாகாணங்களோ பத்து. மருத்துவமனைகளும் அறநிலையங்களும் 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படியே மாகாணங்களின் பொறுப்பு. கோதுமை விளையும் சஸ்காட்செவன், 1947-ல் மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு கண்டது. டாமி டக்ளஸ் தொடங்கிய அப்பணி, 1962 ஜூலை முதல் நாள் டாக்டர் கட்டணத்துக்கும் விரிந்தது. டாக்டர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இரு தரப்பும் சற்று விட்டுக்கொடுத்தன, திட்டம் நிலைத்தது.

ஒட்டாவா அதைத் தடுத்ததா? இல்லை! 1966-ல் சட்டம் செய்து, பொது நெறிகளை ஏற்கும் மாகாணங்களுக்கு ஏறத்தாழப் பாதிச் செலவைத் தர முன்வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்தன. ஒரு மாகாணம் ஏற்றிய விளக்கு, நாட்டுக்கே ஒளியானது!

பிரெஞ்சு பேசும் கியூபெக்கோ, ஓய்வூதியத்தைத் தானே நடத்துவேன் என்றது. நடத்துகிறது! 1966 முதல் கனடாவுக்கு ஒரு திட்டம். கியூபெக்குக்கு ஒரு திட்டம். கியூபெக் தொழிலாளியின் சேமிப்பு, கியூபெக் அமைத்த நிதி நிறுவனத்தில் சேர்கிறது. மான்ட்ரியாலில் உழைத்தவன் டொரண்டோ சென்றால் அவன் கட்டிய பணம் வீணா? இல்லை, இரண்டு கணக்கும் சேர்த்தே ஓய்வூதியம் கிடைக்கிறது. திட்டம் இரண்டு; தொழிலாளியின் உரிமை ஒன்று!

1997-ல் நாளுக்கு 5 டாலரில் குழந்தைக் காப்பகம் தந்ததும் கியூபெக்கே. 2021-ல் நாடெங்கும் 10 டாலர் காப்பகத்துக்கு நிதி ஒதுக்க முன்வந்தது ஒட்டாவா. முன்னே நடந்தது மாகாணம். பின்னே வந்தது மைய அரசு.

குறையே இல்லையா? உண்டு. பணப்பெட்டியின் சாவி யார் கையிலோ, அவர் கை ஓங்குகிறது. பாதிச் செலவு என்ற ஏற்பாட்டை 1977-ல் மாற்றிய மைய அரசு, 1995 பட்ஜெட்டில் மானியத்தையும் வெட்டியது. கணக்கேட்டில் அது ஒரு கோடு. மருத்துவமனை வாசலில் அது காத்திருப்போர் வரிசை! பொறுப்பு ஓரிடம், பொருள் வேறிடம் என்றால், இடையில் நசுங்குபவன் ஏழையே.

வேறுபாடு நாட்டை உடைக்கவில்லை, தோழர்களே! பொது நெறி இருக்கட்டும். வழி அவரவர் வகுக்கட்டும். வாக்களித்த பணம் வந்து சேரட்டும். ஒற்றுமைக்கு உரம் அதுதான். ஒரே அச்சில் வார்த்தெடுப்பதல்ல!