காணாமல் போன 19 விமர்சனங்கள்

கடந்த பருவ விடுமுறையில் என் மாமாவின் கடைக்கு நான் ஓர் உதவி செய்தேன். அது உதவியே இல்லை என்று புரிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் இதே உதவியை யாருக்காவது செய்திருக்கலாம். இனிமேல் செய்யவும் கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமா பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது, 12 மேசைகள் கொண்ட அந்தச் சிறிய கடை. முன்பெல்லாம் பழக்கப்பட்டவர்கள் வருவார்கள், அவர்கள் சொல்லி மற்றவர்கள் வருவார்கள். 2010 அக்டோபரில் இவ்வட்டாரம் 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைக்கப்பட்ட பிறகு சுற்றுப்பயணிகளும் வரத் தொடங்கினார்கள். இப்போது கேஎல் சென்ட்ரலில் இறங்குபவர் முதலில் கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கிறார். நட்சத்திரங்களைப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் நடக்கிறார்.

மாமா கடைக்கு அப்போது 61 விமர்சனங்கள், சராசரி 3.8 நட்சத்திரம். அடுத்த சந்தில் இருந்த கடைக்கு 4.3. மதிய வேளையில் அங்கே வரிசை நிற்கும். இங்கே நான்கு மேசைகள் காலியாக இருக்கும்.

கிள்ளானில் பாட்டி வீட்டில் குடும்பம் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடும்பப் புலனக் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேன். "மாமா கடைக்கு எல்லாரும் 5 நட்சத்திரம் போடுங்க!" இணைப்பையும் அனுப்பினேன். அன்று இரவுக்குள் 23 பேர் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் பாட்டி வீட்டு இணையத்திலிருந்தே போட்டார்கள். சிலர் அதற்கென்றே புதுக் கணக்கு திறந்தார்கள். ஜொகூரில் இருக்கும் ஓர் அண்ணன் மாமா கடையில் ஒரு வேளைகூட சாப்பிட்டதில்லை. "மிக அருமை" என்று அவரும் எழுதினார்.

சராசரி 4.1 ஆனது. மாமா அன்று எல்லாருக்கும் பாயசம் வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை பார்த்தால் 23-இல் 19 காணவில்லை. "என்னம்மா இது, இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்று மாமா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஏதோ செய்துவிட்டார் என்றுகூட மாமா சந்தேகப்பட்டார்.

வடிகட்டி எதைப் பார்க்கிறது?

பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு தளத்துக்கும் தனி விதி உண்டு என்றாலும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். நாம் எழுதும் விமர்சனத்தை முதலில் படிப்பது ஒரு கணினி நிரல். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்ததா என்று அதற்குத் தெரியாது. எழுதியவர் யார், கணக்கு எப்போது திறக்கப்பட்டது, இதற்குமுன் என்ன எழுதியிருக்கிறார், ஒரே கடைக்கு ஒரே நாளில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது போன்ற தடயங்களைத்தான் அதனால் பார்க்க முடியும். எந்தத் தடயத்துக்கு எவ்வளவு எடை என்பதைத் தளங்கள் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் மோசடிக்காரர்கள் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள்.

அந்த நிரலின் கண்ணோட்டத்தில் எங்கள் குடும்பத்தைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் 61 விமர்சனம் பெற்ற கடைக்கு ஒரே மாலையில் 23. எல்லாமே 5 நட்சத்திரம், எல்லாமே இரண்டு மூன்று சொற்கள். காசு கொடுத்து விமர்சனம் வாங்கும் கடையும் இப்படித்தான் தோன்றும். பாசத்தால் எழுதியதும் பணத்துக்காக எழுதியதும் தரவில் ஒரே மாதிரி இருக்கின்றன.

கூகுள் வரைபடத்தின் விதிகளைப் படித்தபோது இன்னொன்றும் புரிந்தது. நேரடி அனுபவம் இல்லாமல் எழுதக் கூடாது. சொந்தக் கடைக்கோ வேலை செய்யும் நிறுவனத்துக்கோ எழுதக் கூடாது. தள்ளுபடியோ இலவசமோ கொடுத்து விமர்சனம் பெறக் கூடாது. மகிழ்ச்சியான வாடிக்கையாளரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும், குறை சொல்பவரைத் தடுப்பதும் தவறு. அந்நிறுவனம் அறிவித்த கணக்கின்படி, விதிமீறிய விமர்சனங்களில் 2023-ஆம் ஆண்டில் 17 கோடிக்கு மேற்பட்டவையும் 2024-ஆம் ஆண்டில் 24 கோடிக்கு மேற்பட்டவையும் தடுக்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கின்றன.

இணைய அங்காடிகளின் நிலைமை வேறு. ஷோப்பியில் பொருளை வாங்கியவர்தான் விமர்சனம் எழுத முடியும். வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தக் கடைக்கும் எழுதலாம், பற்றுச்சீட்டு கேட்பதில்லை. கதவு திறந்திருப்பதால் காவல் கடுமையாக இருக்கிறது. ஆனால் வாங்கியவரே எழுதினாலும் அது பயனுள்ள விமர்சனம் என்று சொல்லிவிட முடியாது. "இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை, நாணயத்துக்காக எழுதுகிறேன்" என்ற வரியை ஷோப்பியில் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பலர் எழுதியும் இருக்கிறோம்!

ஏன் இவ்வளவு கடுமை?

நட்சத்திரம் என்பது பணம். அப்போது ஹார்வர்ட் பேராசிரியராக இருந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டல் நகர உணவகங்களை ஆராய்ந்தார். 'யெல்ப்' தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுகிறது என்று கண்டார். பெரிய சங்கிலி நிறுவனங்களைவிடத் தனியார் சிறு கடைகளுக்கே இந்தத் தாக்கம் இருந்தது. பிறகு அவரும் ஜோர்ஜியோஸ் செர்வாஸும் பாஸ்டன் நகர உணவகங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 16 விழுக்காடு விமர்சனங்கள் வடிகட்டப்பட்டிருந்தன. பெயர் இன்னும் வலுவாக நிலைக்காத கடைகளே பொய்ப் புகழுரையில் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. அதைப் படித்தபோது எனக்கு மாமா கடையின் நான்கு காலி மேசைகள் நினைவுக்கு வந்தன.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு கதை உண்டு. 2017-இல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகமாக டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். அங்கே சமையலும் இல்லை, சாப்பாடும் இல்லை. நண்பர்கள் எழுதிய பொய் விமர்சனங்களாலேயே அது லண்டனின் முதலிடத்துக்கு ஏறியது. மேசை கேட்டு மக்கள் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள்!

அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. இணைய விமர்சனங்களுக்கென இந்தியா 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அமெரிக்காவில் பொய் விமர்சனங்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் எதிரான விதி 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் தடை செய்தது. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், பொருளையும் சேவையையும் பற்றிப் பொய்யான தகவலைத் தந்து பயனீட்டாளரை ஏமாற்றுவதைத் தடை செய்கிறது.

தாத்தாவின் விமர்சனம்

இந்தக் கதையில் எனக்கு உறைத்த இடம் இனிமேல்தான் வருகிறது.

மாமா கடைக்கு நாள்தோறும் வரும் ஒரு தாத்தா இருக்கிறார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேரன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில், அதே வாரம் திங்கட்கிழமை, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விமர்சனம் எழுதினார். வெள்ளிக்கிழமை மோர்க்குழம்பு, ரசத்தில் மிளகு கொஞ்சம் அதிகம், மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆனால் முதலாளி முகம் பார்த்துப் பரிமாறுவார் என்று எட்டு வரி. நான்கு நட்சத்திரம். அந்தக் கடையைப் பற்றி அதைவிட உண்மையான எழுத்து இல்லை.

அது அவருடைய கைப்பேசியில் தெரிந்தது. என்னுடையதில் தெரியவில்லை. மாமாவின் கைப்பேசியிலும் இல்லை.

புதுக் கணக்கு, முதல் விமர்சனம், அதுவும் நாங்கள் கூட்டமாக எழுதிய மறுநாள். எங்களில் ஒருவராக அவரும் கருதப்பட்டிருக்கலாம். கடைக்கு வருபவர்களிடம் அவர் கைப்பேசியைக் காட்டி, "நான் எழுதினது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என்ன தப்பு எழுதினேன்மா?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் தப்பு எழுதல தாத்தா. தப்பு பண்ணினது நான்தான்."

அன்று மாலையே குடும்பக் குழுவில் இரண்டாவது செய்தி போட்டேன். மீதமிருந்த நான்கு விமர்சனங்களையும் எழுதியவர்கள் நீக்கினார்கள். சராசரி பழையபடி 3.8. மாமா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கடைக்காரர்கள் என்ன செய்யலாம்?

பிறகு நாங்கள் முறையாகத் தொடங்கினோம். உங்கள் வீட்டிலும் கடையோ, வீட்டுச் சமையல் வணிகமோ, தையல் தொழிலோ இருந்தால் இவை உதவும்.

முதலாவது, எல்லாரிடமும் கேளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் 'கியூஆர்' குறியீட்டை ஒட்டினோம். "உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்று மட்டும் போட்டோம். '5 நட்சத்திரம்' என்ற சொல்லே இல்லை. இலவச வடையும் இல்லை. கூகுள் இப்படிக் கேட்பதை அனுமதிக்கிறது. யெல்ப் போன்ற சில தளங்கள் கேட்பதையே விரும்புவதில்லை. ஆகவே கேட்கும் முன் அந்தந்தத் தளத்தின் விதியைப் படியுங்கள்.

இரண்டாவது, அவசரப்படாதீர்கள். ஒரே நாளில் 20 வருவதைவிட வாரத்துக்கு ஒன்று வருவது மேல். எழுதுபவர் வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதட்டும்.

மூன்றாவது, குறை சொல்பவருக்குப் பதில் எழுதுங்கள். "40 நிமிடம் காத்திருந்தேன், சோறு ஆறிப்போயிருந்தது" என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். "இவன் நம்ம கடைக்கே வந்திருக்க மாட்டான்!" என்று மாமா கொதித்தார். அப்படியே எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. பதிவேட்டைப் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை பரிமாறுபவர்களில் ஒருவர் விடுப்பு. "அன்று ஆள் பற்றாக்குறை. உங்களைக் காக்க வைத்தது எங்கள் தவறு. சனிக்கிழமைகளில் இப்போது இன்னொருவரைச் சேர்த்திருக்கிறோம். மீண்டும் வந்தால் என்னிடமே சொல்லுங்கள்" என்று மாமா பெயரில் பதில் போட்டோம். அந்த வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாக வேறு இருவர் சொன்னார்கள். பதில் எழுதுவது குறை சொன்னவருக்காக மட்டுமல்ல. அடுத்து வரப்போகிறவரும் அதைப் படிக்கிறார்.

நான்காவது, உண்மையிலேயே பொய்யான விமர்சனம் வந்தால் தளத்தில் புகார் செய்யுங்கள். கூகுளில் அதற்கு வழி உண்டு. முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் "சாம்பார் புளித்தது", "இல்லை, புளிக்கவில்லை" என்ற வழக்கில் தளம் நீதிபதியாக உட்காராது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த விமர்சனமும் நீங்காது.

எழுதும் நாம்

மாணவர்களாகிய நாம் பெரும்பாலும் எழுதுபவர்களாக இருக்கிறோம். பயன்தரும் விமர்சனத்துக்கு அழகான மொழி தேவையில்லை. எப்போது போனோம், என்ன சாப்பிட்டோம், எவ்வளவு கொடுத்தோம், எது நன்று, எது குறை என்று சொன்னால் போதும். நாமே எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. தொலைபேசி எண், விளம்பரம், வசைச்சொல் வேண்டாம். ஒரு கடையைப் பற்றிய காணொலி பரவியதும், அங்கே போகாமலேயே ஆயிரம் பேரோடு சேர்ந்து ஒரு நட்சத்திரம் போடுவதும் நான் செய்த அதே தவறுதான். திசை மட்டும் வேறு. பொய்க் குற்றச்சாட்டு எழுதினால் 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

உண்மையில் பணம் இழந்திருந்தால் நட்சத்திரத்தைக் குறைப்பதோடு நிற்காதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பதிவு செய்யலாம்.

ஆறு மாதம் கழித்து மாமா கடைக்கு 18 புதிய விமர்சனங்கள் வந்திருக்கின்றன. சராசரி 3.9. வெறும் 0.1 தான் கூடியிருக்கிறது. ஆனால் அந்த 18-ஐயும் எழுதியவர்கள் உண்மையிலேயே அங்கே சாப்பிட்டவர்கள். மின்விசிறியையும் மாமா மாற்றிவிட்டார். அதைப் பற்றி எழுதியிருந்தவர் தாத்தா ஒருவர்தான். அவருடைய விமர்சனம் இன்றுவரை என் கைப்பேசியில் தெரியவில்லை.