நிழல் தெற்கே விழும் நாட்கள்

கட்டுமாவடி ஊரின் கடற்கரையில் நின்று டிசம்பர் 21 வாக்கில் சூரியன் எழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் 21இல் அதே இடத்தில் நின்றால், சுமார் 48 பாகை வடக்கே தள்ளி உதிக்கும். நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி!

ஏன்? பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. ஆண்டில் பாதி வடகோளம் சூரியனை நோக்கிச் சாய்கிறது, பாதி விலகுகிறது. இரு எல்லைகளிலும் உதயப்புள்ளி சில நாள் நின்றாற்போலிருந்து திரும்பும். அதுவே கதிர்த்திருப்பம்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில்தான் ஊர் இருக்கிறது. அதனால் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வேறுபாடு 70 நிமிடம் அளவே. லண்டனில் 8 மணி நேரத்துக்கும் மேல். இங்கே பருவத்துக்கு நல்ல சாட்சி நிழல்தான். ஏப்ரல் நடுவில் ஒருநாள் உச்சிவேளையில், நட்ட கம்புக்கு நிழலே இராது. பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம்வரை உச்சி நிழல் தெற்கே விழும். வடக்கே வெகுதூரம் போனால், டெல்லியில்கூட, இந்த அழகைப் பார்க்க முடியாது.

டிசம்பரிலேயே சூரியன் வடக்கே திரும்புகிறது என்றால், அந்த வடதிசைப் பயணமான உத்தராயணம் தையில்தானே தொடங்குகிறது என்று கேட்கலாம். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்குமுன் டிசம்பர்க் கதிர்த்திருப்பமும் தைப்பிறப்பும் ஒன்றியிருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை தள்ளாடிச் சுற்றுவதால், இன்று மூன்று வாரத்துக்கும் மேல் விலகிவிட்டன.