தார்ப்பாயில் பூஞ்சையா? தூக்கிப் போடாதீங்க!



ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து தை வெயில் உறைக்க ஆரம்பித்ததும், பரணில் சுருட்டி வைத்த தார்ப்பாய், கித்தான் கூடாரம், ஜமக்காளம், கோரைப்பாய் எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பாருங்கள். பிரித்ததுமே மக்கல் வாடை மூக்கைத் துளைக்கும். கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி, வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு போலப் பூஞ்சை! "சரி, இது அவ்வளவுதான்" என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். முக்கால்வாசியைக் காப்பாற்றி விடலாம்.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களில் இருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, புடவையும் தார்ப்பாயும் கட்டிக் குடில் போட்டுக் குடும்பத்தோடு தங்குவார்கள். பௌர்ணமி விடியலில் மணலில் படி கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கும். கைக்குழந்தையும் அந்தக் கூரைக்கு அடியில்தான் தூங்கும். 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரை கடந்ததே, அது மாதிரி நேரத்தில் ஓட்டு வீடு, குடிசை வீட்டுக்காரர்களுக்கும் தார்ப்பாய்தானே துணை? பள்ளிக்கூடத்துச் சாரணர் முகாமுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் கூடாரம் வேண்டும். பூஞ்சை பிடித்த கூரைக்கு அடியில் ராத்திரி முழுக்கப் படுத்தால், இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கும். தும்மல், கண் அரிப்பும் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூஞ்சைக்கு வேண்டியது மூன்றே மூன்று: ஈரம், அழுக்கு, காற்றில்லாத இடம். கடற்கரையில் விரித்த துணி என்றால் நாலாவதாக உப்பும் சேரும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்ளுமே, அதே மாதிரி துணியில் ஒட்டிய உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கடற்கரைக்குக் கொண்டுபோன எதையும் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

இனி, சுத்தம் செய்யும் முறை:

* வீட்டுக்குள் உதறவே கூடாது. மாடியிலோ தோட்டத்திலோ விரித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்கணும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். அந்தப் பொடிதான் பூஞ்சைக்கு விதை மாதிரி. குழந்தைகள், இழுப்பு உள்ளவர்கள் கிட்டே வர வேண்டாம்.

* பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குச் சோப்புத் தண்ணீரே போதும். மடிப்பு மடிப்பாகத் தேய்த்து அலசுங்கள். அழுக்கு போனாலே பூஞ்சையும் போய்விடும்.

* நைலான் கூடாரம், முதுகுப்பைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி, அரைமணி நேரம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து அலசவும். வெந்நீர், பிளீச்சிங் பவுடர், வாஷிங் மெஷின், இஸ்திரி நாலும் கூடாது. தண்ணீர் புகாதபடி உள்ளே பூசியிருக்கும் பூச்சு உரிந்துவிடும். நாள் முழுக்கக் கடும் வெயிலிலும் போடாதீங்க, நைலான் இற்றுப்போகும். காற்றோட்டமான நிழலே போதும்.

* கித்தான், பருத்தித் துணிக் கறைமேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசணும். சாயம் போகுமா என்று முதலில் ஓரத்தில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

* கோரைப்பாயை ஊற வைக்காதீர்கள். வினிகர் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் வெயில் காட்டினால் போதும்.

* வாடை போகவில்லையா? நன்றாகக் காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி, ஒரு ராத்திரி விட்டு உதறுங்கள்.

கறுப்புப் புள்ளி சில சமயம் முழுசாக மறையாது. கவலை வேண்டாம், வாடையும் பிசுபிசுப்பும் போயிருந்தால் உபயோகிக்கலாம். ஆனால் கையால் இழுத்தால் துணி கிழிகிறது, கயிறு நார் நாராய்ப் பிரிகிறது என்றால் அதைக் கூரைக்குக் கட்டாதீர்கள். காற்றடிக்கும்போது கைவிட்டுவிடும்.

முக்கியமான எச்சரிக்கை: "சீக்கிரம் போகட்டும்" என்று பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ, பாத்ரூம் கழுவும் ஆசிட்டையோ சேர்த்துவிடாதீர்கள்! அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

எடுத்து வைப்பதிலும் பக்குவம் இருக்கிறது. மடிப்பு ஓரம், தையல், கயிறு மூன்றையும் தொட்டுப் பார்த்து, துளி ஈரமும் இல்லை என்றால்தான் மடிக்கணும். பாலிதீன் பையில் கட்டாமல் பழைய தலையணை உறையிலோ, நைந்த புடவையிலோ சுற்றுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஒரு துணி முடிச்சில் அடுப்புக்கரி கட்டிப் போட்டால் ஈரத்தை ஓரளவு இழுத்துக்கொள்ளும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையை அது தடுக்காது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டால், அடுத்த மழை வந்தாலும் அவசரத்துக்கு நம்பிப் பிரிக்கலாம்.

வினிகர் ஒரு பாட்டில், எலுமிச்சம்பழம் நாலு, ஒரு காலை நேரம், இவ்வளவுதான் செலவு. புதுத் தார்ப்பாய் வாங்குகிற காசு மிச்சம். செய்து பாருங்களேன்!

- ஒரு வாசகி, செங்கல்பட்டு